அத்தையின் புதுத் தாடை

என் அத்தைக்கு இடது பக்கத் தாடை எலும்பை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அவளுடைய இடுப்பு எலும்பையே வைத்துக் கட்டியது 1991ஆம் வருடம். எனக்கு அப்போது ஒன்பது வயது. இடுப்பு எலும்பு தாடைக்கு வந்துவிட்டால் அத்தை நடக்கும்போது வாய் அசையுமா, சாப்பிடும்போது இடுப்பு வலிக்குமா என்றெல்லாம் எனக்குச் சந்தேகங்கள் இருந்தன. கேட்டால் முதுகில் விழும் என்பதால் கேட்கவில்லை.

அத்தை அப்பாவின் தங்கை. மண்ணூரில் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் ஷூவுக்குத் தோல் தைக்கிற ஒரு கம்பெனியில் மிஷின் ஓட்டினாள். அந்த லைனிலேயே தன் கைதான் வேகமான கை என்று அவளே சொல்லிக்கொள்வாள். கூட வேலை செய்த பெண்கள் யாரும் அதை மறுத்து நான் கேட்டதில்லை.

முதலில் கடைவாய்ப் பல் வலி என்றுதான் ஆரம்பித்தது. ஊரில் ஒருவர் இரண்டு பல்லைப் பிடுங்கிப் போட்டார். வீக்கம் போகவில்லை. ஒரு பக்கம் நெல்லிக்காயை அடக்கி வைத்தது போல இருந்தது, சில மாதங்களில் எலுமிச்சம்பழமானது. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தபோது தாடை எலும்புக்குள் சோப்பு நுரை போலக் குமிழ் குமிழாகத் தெரிந்ததாம். அங்கிருந்த டாக்டரம்மா அப்பாவிடம் விளக்கிச் சொன்னார்: இந்தக் கட்டி உயிரை எடுக்காது, ஆனால் எலும்பைத் தின்றுகொண்டே போகும். பாதித் தாடையோடு சேர்த்து எடுத்துவிட்டு, இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து அதே வளைவுக்குச் செதுக்கி வைக்க வேண்டும்.

அம்மா அழுதாள். அப்பா கொத்தனார். அந்தப் பக்கம் புதிதாக வந்துகொண்டிருந்த கம்பெனிகளுக்குக் காம்பவுண்டு சுவர் எழுப்புவதுதான் அவருக்கு வேலை. அவருக்கு விஷயம் சட்டென்று பிடிபட்டுவிட்டது. "கரையான் அரிச்ச செவுத்த இடிச்சிட்டு வேற எடத்துக் கல்லு வெச்சிக் கட்டப் போறாங்க. இதுக்கு இன்னாத்துக்கு அழுவற" என்றார். அத்தைதான் எல்லோரையும் விடத் தெளிவாக இருந்தாள். தன் லீவு லெட்டரைத் தானே எழுதிக் கொடுத்துவிட்டு, மஞ்சள் பையில் இரண்டு புடவையை மடித்து வைத்துக்கொண்டு, ஏதோ கல்யாணத்துக்குப் போகிறவள் போலப் பஸ் ஏறினாள்.

அவள் திரும்பி வந்தபோது முகத்தில் பாதி கட்டுக்குள் இருந்தது. மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். ஆறு வாரத்துக்கு வாயைத் திறக்கக் கூடாது. ரசமும் கஞ்சித் தண்ணீரும் பல்லில்லாத சந்து வழியாகக் குழாயில் போயின. வாந்தி வந்துவிட்டால் உடனே கம்பியை வெட்ட வேண்டும் என்று ஒரு சின்ன கட்டிங் பிளேயரைக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். அப்பா அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தார். அந்த ஆறு வாரமும் தூரத்து வேலை எதையும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

கட்டுப் பிரித்து வந்த அன்று நான் அத்தையின் முகத்தைப் பார்த்தேன். காதுக்குக் கீழே தொடங்கி மோவாய் வரைக்கும் ஒரு சிவந்த தையல் கோடு. கன்னம் ஒரு பக்கம் உள்ளே வாங்கியிருந்தது. கீழுதடு இடது மூலையில் தொங்கியது. குரலைக் கேட்டால் அத்தை, பார்த்தால் வேறு யாரோ. நான் இரண்டு நாள் அவள் பக்கத்திலேயே போகவில்லை. கூப்பிட்டால் மாடு கட்டும் இடத்தில் போய் நின்றுகொண்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை, பின்னாலும் வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் என் தமிழ்ப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, "ஏ டீச்சர், நான் பாடம் ஒப்பிக்கணும், ஒக்காரு" என்றாள்.

உதட்டில் பாதிக்கு உணர்ச்சி வரவில்லை. அதனால் ப, ம, வ எல்லாம் காற்றாகப் போயின. பம்பரம் என்பது வேறு எதுவோ ஆகிவிடும். தினமும் ஒரு பாடத்தை உரக்கப் படிப்பாள், நான் ஸ்கேலைக் கையில் வைத்துக்கொண்டு தப்புகளை எண்ணுவேன். எனக்கு அது அபாரமான பதவி. பயமெல்லாம் போய்விட்டது. அந்த முகம் தற்காலிகம், பழைய முகம் எங்கேயோ உள்ளே இருக்கிறது, பாடம் முடியும்போது வந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

பேச்சு விஷயத்தில் அத்தை பொல்லாதவள். அவள் சொன்னது புரியாமல் யாராவது "இன்னா சொன்ன?" என்று கேட்டால் இன்னொரு தரம் சொல்லுவாள். மூன்றாம் தரமும் கேட்டால், "உங் காதுல இன்னா கோளாறு, போய்க் காட்டு" என்பாள். தனக்கு வாய் குழறுகிறது என்று ஒருநாளும் ஒருவரிடமும் அவள் ஒப்புக்கொண்டதில்லை.

ஐந்து மாதம் கழித்து வேலைக்குப் போனாள். கேட்டில் வாட்ச்மேன் அவளுடைய கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது நீ இல்லியேம்மா" என்றாராம். உள்ளே சூப்பர்வைசர், ஷூ வாங்குகிற பார்ட்டி யாராவது சுற்றிப் பார்க்க வருவார்கள், லைனில் வேண்டாம், பின்னால் பேக்கிங்கில் உட்காரு என்றாராம். சாயங்காலம் அத்தை இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"நீ இன்னா சொன்ன?" என்றார் அப்பா.

"மிஷின் ஓட்றது கையி சார், தாடை இல்லைன்னேன். ஒரு மணி நேரம் வெச்சிப் பாருங்க, அப்பறம் சொல்லுங்கன்னேன். பாத்தாரு. லைன்லயே ஒக்கார வெச்சிட்டாரு. கார்டுக்கு மட்டும் புது போட்டோ கேக்கறாங்க."

அன்று அம்மா அடுப்பங்கரையில் அப்பாவிடம் மெல்லிய குரலில் பேசியது என் காதில் விழுந்தது. இந்தப் போட்டோவைத்தானே நாளைக்குப் பெண் கேட்டு வருகிறவர்களுக்கும் காட்ட வேண்டியிருக்கும், இப்படியே எடுத்தால் யார் வருவார்கள் என்றாள். நான் இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூருக்குப் பஸ் ஏறினாள். ஸ்டுடியோக்காரர் அவளை ஸ்டூலில் உட்கார வைத்தார். விளக்கைப் போட்டு, தள்ளி நின்று பார்த்து, "கொஞ்சம் எடது பக்கமா திரும்பி ஒக்காரும்மா" என்றார்.

"கேட்ல நேராத்தான் நிக்கப் போறேன். நேராவே எடுங்க" என்றாள் அத்தை.

அவர் நேராகவே எடுத்தார். வெளியே வந்ததும், செருப்பை மாட்டிக்கொண்டு அத்தை பஸ் வருகிறதா என்று ரோட்டோரம் போய் நின்றாள். நான் செருப்பு வார் மாட்டுகிறாற்போல் குனிந்து, திரும்ப உள்ளே ஓடினேன்.

"அண்ணா, போட்டோல இந்தப் பக்கம் கொஞ்சம் ரொப்பிடுங்க. கோடெல்லாம் வாணாம்."

அவர் என்னைப் பார்த்தார். "உங்க அத்தையா சொல்லச் சொன்னாங்க?"

"ஆமா. அவங்கதான்."

புதன்கிழமை மாலை போட்டோ வாங்கப் போனோம். கவரைப் பிரித்து அத்தை ஒன்றை எடுத்துப் பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். ஸ்டுடியோக்காரர் நல்ல வேலைக்காரர். நெகட்டிவில் பென்சிலால் என்ன செய்தாரோ, இரண்டு கன்னமும் ஒன்றாக இருந்தன. தையல் கோடு இல்லை. உதடு கூட நேராக இருந்தது. என் பழைய அத்தை வந்துவிட்டாள். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அத்தை கட்டை விரலால் படத்திலிருந்த கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு அதைக் கவரிலேயே போட்டு மேசை மேல் வைத்தாள்.

"இது நான் இல்லீங்களே. டாக்டரம்மா காலைலேந்து சாயந்தரம் வரைக்கும் நின்னுகினு வெச்ச எலும்பு. நீங்க பென்சில்ல அழிச்சிட்டீங்க. எம் மூஞ்சி எப்படி கீதோ அப்படியே போட்டுக் குடுங்க."

ஸ்டுடியோக்காரருக்கு முகம் மாறிவிட்டது. "இன்னாம்மா இது. நீங்கதான டச்சிங் பண்ணச் சொல்லி இந்தப் பாப்பாகிட்ட சொல்லி அனுப்புனீங்க?"

நான் சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோ ஒன்றை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டு நின்றேன். அத்தை என் பக்கம் திரும்பியது தெரிந்தது. எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று தெரியாது. அவள் கை என் தலைமேல் வந்தது. அடி என்று நினைத்துக் கழுத்தைச் சுருக்கினேன். அவள் என் ரிப்பனைச் சரிசெய்தாள்.

"ஆமாங்க, நான்தான் சொல்லி அனுப்பிச்சேன். டச்சிங் வாணாம்னு சொன்னேன். எனக்கு வாய் கொழறுதுங்க, பேச்சு இன்னும் சரியா வர்ல. பாப்பா மாத்திக் கேட்டுக்கிச்சி. அவ மேல தப்பு இல்ல."

அவர் சமாதானமாகிவிட்டார். சனிக்கிழமை வேறு பிரிண்ட் தருவதாகச் சொன்னார், தந்தார். கோட்டோடும் குழியோடும் இருந்த அந்தப் படம்தான் கார்டில் ஒட்டப்பட்டது. அத்தை அதே கம்பெனியில் பதினோரு வருடம் வேலை செய்தாள். கடைசி நான்கு வருடம் அந்த லைனுக்கு அவள்தான் சூப்பர்வைசர். கல்யாணமும் ஆனது. பெண் கேட்டு வந்தவர்களுக்குப் போட்டோ எதுவும் காட்டவில்லை, அத்தையே எதிரில் போய் உட்கார்ந்து பேசினாள் என்று அம்மா இப்போதும் சொல்லிச் சொல்லி வியப்பாள்.

அந்தப் புதன்கிழமை திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது. அத்தை மறுபக்கம் பார்த்தபடி உட்கார்ந்து வந்தாள். என் மனமோ குதித்துக்கொண்டிருந்தது. தான் எதையும் சொல்லி அனுப்பவில்லை என்பதே அத்தைக்கு ஞாபகம் இல்லை, ஆபரேஷனில் மயக்க மருந்து கொடுத்ததால் மறதி வந்திருக்கிறது, நான் தப்பித்தேன் என்று நினைத்தேன். பெரியவர்களை ஏமாற்றுவது இவ்வளவு சுலபமா என்று மண்ணூர் வரும் வரைக்கும் எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு வந்தேன்.