கலியபெருமாள் கொடுத்த டூட்டி ரிப்போர்ட்

1. ஒருவருக்கும் ஒன்றுமில்லை

முன்னாள் ராணுவத்தினருக்கான அந்தச் சின்ன கிளினிக்கில் சேர்ந்த முதல் நாளே எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. இங்கே வருகிற யாருக்குமே உடம்புக்கு ஒன்றுமில்லையே, பிறகு எதற்கு வருகிறார்கள்?

நான் நெய்வேலி டவுன்ஷிப்பில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவள். அங்கே லேசான தலைவலிக்கு வருகிறவரும் உயிரே போகிற மாதிரி சொல்வார். இங்கே ஒருவர் இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து, "ஃபைன் மேடம்" என்றார். சட்டையில் இஸ்திரி மடிப்பு கத்தி மாதிரி நின்றது. எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஏன் என்று கேட்காமல் இருக்க முடியாத பிறவி நான். வீட்டுக்காரர் இதை வியாதி என்பார்.

வியாழக்கிழமைதோறும் ஒரு மனநல டாக்டரம்மா வருவார். அவரைப் பார்க்க வேண்டியவர்களிடம் முன்னாலேயே பேசி விவரம் வாங்கி வைப்பது என் வேலை. பக்கத்து மேஜையில் சுபேதார் சாமுவேல். பட்டாளத்தில் கிளார்க்காக இருந்தவர். டிஸெபிலிடி பென்ஷன், அப்பீல் எல்லாம் அவர் பாடு. அவருக்கு இடது காது கேட்காது. அதை அவர் சொல்லவில்லை, நானாகத்தான் கண்டுபிடித்தேன்.

2. அஞ்சலாட்சி வந்தது

கலியபெருமாள் கம்மாபுரம் பக்கத்து ஊர்க்காரர். பட்டாளத்தில் நாயக் ரேங்க்கில் இருந்து வந்தவர், இப்போது மைன்ஸில் கான்ட்ராக்ட் செக்யூரிட்டி. எத்தனையோ வியாழக்கிழமை வந்திருக்கிறார். நாற்காலியைச் சுவரோடு தள்ளிப் போட்டு, வாசலைப் பார்த்தபடிதான் உட்காருவார். தூக்கம்? வருது மேடம். கோபம்? இல்ல மேடம். டாக்டரம்மாவிடமும் அதே பாட்டு. ஒன்றுமில்லை என்கிறவருக்கு என்ன மருந்து எழுதுவது?

ஒருநாள் அவர் மனைவி அஞ்சலாட்சி தனியாக வந்தார். முந்தின நாள் மைன்ஸில் மதியம் வெடி வைக்கிறதுக்கு முன்னால் சங்கு ஊதியிருக்கிறது. தினமும் ஊதுகிற சங்குதான். ஆனால் அன்றைக்கு கலியபெருமாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, விளையாடிக்கொண்டிருந்த மகளை இழுத்துக் கட்டிலுக்கு அடியில் போட்டு, மேலே படுத்துக்கொண்டார். பிள்ளையின் மணிக்கட்டு வீங்கிப்போனது. அவர் வெளியே வந்தபோது அரைமணி நேரம் ஆகியிருந்ததாம்.

ஊரில் குடிகாரன் என்கிறார்கள், பைத்தியம் என்கிறார்கள், மேல்பட்டாம்பாக்கத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்கே பிள்ளையோடு போய்விடலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார். சாமுவேல் பென்ஷன் பேச்சை எடுத்தார். அஞ்சலாட்சி தலையை ஆட்டி மறுத்தார்.

"பணம் வந்தா வருது, வராட்டி போவுதுங்க. அவரு பைத்தியம் இல்ல, அடிபட்டுக்கினு வந்தவருன்னு பெரிய மனுசங்க யாராச்சும் ஒருத்தர் சொல்லணும். நான் சொன்னா ஊர்ல யாரு நம்புறாங்க?"

3. ஷேப் ஒன்

சொல்ல வேண்டியவர்கள் ஒருமுறை கேட்டுத்தான் பார்த்திருக்கிறார்கள். சென்னையில் மெடிக்கல் போர்டு முன்னால் கலியபெருமாளை நிறுத்தி எப்படி இருக்கிறாய் என்று கேட்டார்கள். அவர் விறைப்பாக நின்று, "ஃபிட் சார்" என்றார். போர்டு என்ன செய்யும்? நோயில்லை என்று எழுதிவிட்டது. இனி அப்பீலில் இன்னொரு போர்டு, அதுதான் கடைசி.

எனக்கு அடங்காத கோபம். வீட்டில் கட்டிலுக்கு அடியில் ஒளிகிற மனிதன், உதவி செய்ய உட்கார்ந்திருக்கிறவர்களிடம் போய் ஏன் ஃபிட் என்கிறான்? சாமுவேல் பொறுமையாக விளக்கினார். பட்டாளத்தில் உடம்பும் மனசும் முழுசாகச் சரியாக இருக்கிறவனுக்கு 'ஷேப் ஒன்' என்று தரம் கொடுப்பார்கள். அதிலிருந்து இறங்கினால் புரமோஷன் நின்றுபோகும், நல்ல போஸ்டிங் போய்விடும். அதனால் மெடிக்கல் என்றாலே மாத்திரை போட்டுக் காய்ச்சலை இறக்கிக்கொண்டு, முகம் மழித்து, ஷூவுக்கு பாலிஷ் போட்டுப் போய் நிற்பார்கள். இருபது வருஷம் இப்படி மறைத்தே பழகியவனிடம், பென்ஷனில் வந்தபிறகு வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் கேட்டால் வாயில் வேறு என்ன வரும்?

"அப்ப உங்க காது?" என்றேன்.

"எந்தக் காது?" என்றார் சாமுவேல்.

4. மைன்ஸ் கேட்டில் பார்த்தது

இந்தச் சிக்கலுக்கு வழி கண்டுபிடிக்க நான் ஒன்றும் பெரிய யோசனை செய்துவிடவில்லை. முத்தாண்டிக்குப்பத்தில் ஒரு காதுகுத்து. பஸ்ஸுக்காக மைன்ஸ் கேட் எதிரில் நின்றிருந்தேன். ஷிஃப்ட் மாறுகிற நேரம். உள்ளே கலியபெருமாள் அடுத்த ஷிஃப்ட் ஆளுக்கு ஹேண்டிங் ஓவர் ரிப்போர்ட் கொடுத்து டூட்டியை ஒப்படைத்துக்கொண்டிருந்தார். நான் ரோட்டைத் தாண்டிப்போய்க் காதைக் கொடுத்தேன்.

ரெண்டாவது கம்பத்துல லைட் எரியல. பின்பக்க வேலி ஒரு எடத்துல தளர்ந்துகினு இருக்குது. லாரி ஒண்ணு பாஸ் இல்லாம வந்துச்சு, திருப்பி அனுப்பிட்டேன். ஒரு திணறல் இல்லை, மறைப்பு இல்லை. எரியாத பல்பைப் பற்றி இவ்வளவு விவரமாகச் சொல்கிற மனிதர்தான் தன்னைப் பற்றிக் கேட்டால் ஃபைன் என்கிறார். பஸ் போயே போய்விட்டது. எனக்கு அது உறைக்கவே இல்லை.

ரிப்போர்ட் என்றால் மட்டும் உண்மை வருமா என்று சாமுவேலிடம் கேட்டேன். ஆமாம், ரிப்போர்ட்டில் பொய் சொன்னால் அடுத்து நிற்கிறவன் உயிருக்கு ஆபத்து, அதில் எவனும் மறைக்க மாட்டான் என்றார். அவர் அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். அப்படியானால் வீட்டில் நடப்பதையும் ரிப்போர்ட்டாகவே கேட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது.

5. வூட்டு டூட்டி

அந்த வியாழக்கிழமை டாக்டரம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று பயந்தேன், சிரிக்கவில்லை. கலியபெருமாளையும் அஞ்சலாட்சியையும் உள்ளே அழைத்து, எப்படி இருக்கீங்க என்ற கேள்வியையே விட்டுவிட்டார். சாமுவேலை எதிரே நிற்கச் சொன்னார். நேற்று சாயங்காலத்திலிருந்து காலை வரை வீட்டில் டூட்டி, சுபேதார் இப்போது பொறுப்பு எடுக்கப்போகிறார், ஹேண்டிங் ஓவர் கொடுங்கள் என்றார்.

கலியபெருமாள் எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து குதிகாலைச் சேர்த்து நின்றார்.

"முன்கதவு, பின்கதவு செக் பண்ணேன் சாப். படுத்துட்டு எழுந்து மறுபடியும் செக் பண்ணேன். எத்தினி தடவைன்னு ஞாபகம் இல்ல. டீசல் நாத்தம் வந்துச்சு. வூட்ல டீசல் கெடையாது சாப். முன்னால போன வண்டி எரிஞ்சுகினு இருந்துச்சு. உள்ள நம்ம ஆளு இருந்தான், கூப்டுகினே இருந்தான். போவல சாப். போவ முடியல. பொண்ணு தண்ணி கேட்டுச்சு. அவன் கொரல்னு நெனச்சுகினு நான் எழுந்திரிக்கவே இல்ல." குரல் மாறவே இல்லை. "பாக்கி சப் டீக் ஹை, சாப்."

மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது ஐயா என்று அர்த்தம். ராணுவத்தில் ரிப்போர்ட்டை அப்படித்தான் முடிப்பார்களாம்.

அஞ்சலாட்சி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு கேட்டார்: "இதுல எதுங்க டீக்கு?"

சாமுவேலுக்கு அது நன்றாகவே கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரிப்போர்ட் எடுத்துக்கொண்டேன், நீங்கள் உட்காரலாம் என்றார். நான் அழுதேன், அதைச் சொல்ல வெட்கமில்லை.

அன்றைக்குத்தான் வைத்தியம் உண்மையில் ஆரம்பித்தது. மருந்து, வாரம் ஒருமுறை பேச்சு. எல்லாம் நேராகப் போய்விடவில்லை. கொஞ்சம் தூக்கம் வந்ததும், நான் ஃபிட் என்று மாத்திரையை நிறுத்திவிட்டார். திரும்பவும் கட்டிலுக்கு அடியில். திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினோம். அஞ்சலாட்சி அம்மா வீட்டுக்குப் போகவில்லை. சங்கு ஊதும் நேரத்துக்கு முன்பே அப்பாவும் மகளும் வாசலில் வந்து உட்கார்ந்து அதற்காகக் காத்திருக்க வேண்டும் என்று டாக்டரம்மா ஒரு பழக்கம் சொல்லிக் கொடுத்தார். பிள்ளைக்கு அது விளையாட்டாகிவிட்டது.

6. கடைசி போர்டு

சென்னைக்கு அவர்களோடு சாமுவேல் போனார். நான் இங்கே உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே நடந்ததை அஞ்சலாட்சி பிறகு சொன்னார். போர்டில் இருந்த அதிகாரி கேட்ட முதல் கேள்வியே, "எப்படி இருக்கீங்க?" கலியபெருமாள் குதிகாலைச் சேர்த்து நின்றார். அப்புறம் கேட்டார்: "ரிப்போர்ட் குடுக்கட்டுங்களா சார்?"

கொடுத்தார். அதிகாரிகள் கடைசி வரை எழுதிக்கொண்டே இருந்தார்களாம்.

சில மாதங்கள் கழித்து முடிவு வந்தது. ராணுவப் பணியில் ஏற்பட்ட பாதிப்பு என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள். அஞ்சலாட்சி அதைத் தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று சொல்லிவிட்டுத்தான் எங்களிடம் வந்தார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "அடிபட்டவருன்னு சொன்னேங்க. பெரியவங்களே சொல்லிட்டாங்கன்னு சொன்னேன்" என்றார். பென்ஷன் எவ்வளவு என்று கேட்க அவருக்கு ஞாபகமே வரவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற நர்ஸ் பெண்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். எப்படி இருக்கீங்க என்று கேட்காதீர்கள், அது அவர்களுக்குக் கேள்வியே இல்லை. நேற்று என்ன நடந்தது என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பொறுத்திருங்கள்.

போன வாரம் கலியபெருமாள் வந்தார். சட்டை கசங்கியிருந்தது. தாடியை மழிக்கவில்லை. நாற்காலியைச் சுவர்ப்பக்கம் தள்ளாமல் போட்ட இடத்திலேயே உட்கார்ந்தார். நேற்று என்ன நடந்தது என்று நான் கேட்பதற்குள் அவரே சொன்னார்:

"இன்னைக்கு நல்லா இல்லைங்க மேடம்."

இத்தனை வருஷ வேலையில் நான் கேட்ட நல்ல செய்தி அதுதான்.