கூட்டம் கலையட்டும்

தங்கச் சுரங்கத்துக்குள், ஆட்கள் ஏறி இறங்கும் ஷாப்டுக் குழிக்குப் பக்கத்தில், பாறையில் குடைந்த ஒரு சின்ன வளைவுக்குள், ஒரு பலகை இருந்தது. என் மாமனார் தன் கையால் அறுத்துப் போட்ட பலகை. பூமிக்கு அடியில் எங்கள் லெவலில், நாங்கள் வேலை செய்யும் தட்டில், ஷிப்ட் முடிந்ததும் நாங்கள் இருவரும் அதில்தான் போய் உட்காருவோம். எதிரே கேஜ் வந்து நிற்கும். ஆட்களை மேலே ஏற்றிப்போகும் அந்த இரும்புக் கூண்டுக்குள் முதலில் நுழைய எல்லாரும் முண்டுவார்கள். ஒருவர் முழங்கை இன்னொருவர் விலாவில் இடிக்கும். யாரோ யாருடைய காலையோ மிதித்துத் திட்டு வாங்குவார்கள். மணி அடித்ததும் கூண்டு எழும்பும். தலைவிளக்குகள் எல்லாம் ஒரே வெளிச்சமாகச் சேர்ந்து மேலே போய்ப் புள்ளியாகி மறையும். அப்புறம் கம்பிக் கயிற்றின் முனகலும் தண்ணீர் சொட்டும் சத்தமும்தான். பாறையின் சூடு முதுகில் ஏறும். நான் கூச்சக்காரன், கூட்டத்தில் எனக்குப் பேச்சு வராது. அந்த இருட்டில் மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான் அன்றைய நாளில் எனக்கு நல்ல நேரம். பாதித் தூக்கத்தில் இருப்பது போல இருக்கும்.

"கூட்டம் கலையட்டும் மாப்ளே," என்பார் மாமா. "கேஜ் எங்க போயிடப் போவுது? நம்மள உட்டுட்டு அது நிக்காது."

உண்மைதான். காலையில் எத்தனை தலை இறங்கியதோ அத்தனை தலையும் மேலே வந்து சேரும்வரை கேஜ் வந்துகொண்டே இருக்கும். கடைசி கேஜில் நாங்கள் மூன்று நான்கு பேர்தான் இருப்போம். காலை அகட்டி, முதுகைச் சாய்த்து, மேலிருந்து இறங்கிவரும் குளிர்காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு போகலாம்.

மாமா டிம்பர் மேஸ்திரி. பாறைக்கு முட்டுக் கொடுப்பது அவர் வேலை. கேஜுக்கு மட்டுமில்லை, எல்லாவற்றுக்கும் அவருக்கு அதே கணக்குதான். ரேஷன் கடையில் வரிசை கரைந்த பிறகு போவார். சினிமாவை, தியேட்டரிலிருந்து தூக்கப் போகிற நாளில் பார்ப்பார். தீபாவளித் துணியைத் தீபாவளி அன்று சாயங்காலம் வாங்கிவருவார். கடைக்காரர் சலித்துப்போய்ப் பாதி விலைக்குத் தந்திருப்பார். அத்தை அந்தச் சேலையை அடுத்த பண்டிகைக்குக் கட்டுவாள். இதில் அவர் ஏமாந்ததாக எனக்கு நினைவில்லை. அதனால்தான் விமான டிக்கெட் விஷயத்திலும் வீட்டில் யாரும் அவரை மறுத்துப் பேசவில்லை.

மாமாவுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் என் மனைவி. சின்னவள் நர்ஸ் படித்து மஸ்கட்டுக்குப் போய்விட்டாள். அவள் புருஷனுக்குப் பாலைவனத்தில் எண்ணெய்க் கிணற்றுப் பக்கம் வேலை. வாரக்கணக்கில் வீட்டுக்கு வரமுடியாது. அவள் முதல் பிள்ளையை உண்டாகியிருந்தாள். செப்டம்பர் தொடக்கத்தில் பிரசவம் என்று சொல்லியிருந்தார்கள். ஊருக்கு வந்து பெற்றுக்கொள்ள லீவு இல்லை. அம்மா பக்கத்தில் இருக்கவேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. அத்தைக்குப் பாஸ்போர்ட்டும் ஆயிற்று, விசாவும் வந்தது. டிக்கெட் எடுப்பதுதான் பாக்கி.

எங்கள் ஊர்க் கடைத்தெருவான ராபர்ட்சன்பேட்டையில் ஓர் அக்கா டெலிபோன் பூத் வைத்திருந்தார். அதிலேயே வேளாங்கண்ணிக்கும் திருப்பதிக்கும் பஸ் டிக்கெட் போடுவார். விமான டிக்கெட் என்றால் பெங்களூருக்குப் போன் போட்டு ரேட் கேட்டுச் சொல்வார். ஜூன் மாதம் நானும் மாமாவும் அவரிடம் போனோம்.

"இப்பவே போட்டுடுங்க மேஸ்திரி," என்றார் அந்த அக்கா. "கம்மி ரேட்டுக்குக் கொஞ்சம் சீட்டுதான் வெச்சிருப்பாங்க. ஆகஸ்ட் கடைசில அங்க ஸ்கூல் தொறப்பாங்க. லீவுக்கு வந்தவங்கல்லாம் ஒரே நேரத்துல திரும்புவாங்க. அப்பால நீங்க கேட்டாலும் கெடைக்காது."

"அவ்ளோ கூட்டமாம்மா?"

"நம்ம மாரியம்மன் திருவிழாக் கூட்டம்."

"அப்ப கலையட்டும். கலைஞ்சா ரேட்டும் எறங்கும்."

அந்த அக்கா என்னைப் பார்த்தார். "மாமனார் பேசறாரு, மாப்ள சொவரு மாதிரி நிக்கறாரு. நல்ல ஜோடி," என்றார். மாமா சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

ஆடி மாதம் வந்தது. அத்தை தன் பழைய நூல் சேலைகளைக் கிழித்துக் குழந்தைத் துணிகளாக்கி, துவைத்து, கம்பெனி கொடுத்த லைன் வீட்டின் முன்னால் கொடியில் காயப்போடுவாள். ஆடிக்காற்றில், தங்கம் பிரித்தபின் கொட்டிய சைனைடு மேட்டு மண் எழும்பிப் புகை மாதிரி வந்து அந்தத் துணிகள்மேல் படியும். அவள் மறுபடி துவைப்பாள். வசம்பு, பூண்டு, பனைவெல்லம், பிள்ளை பெற்றவளுக்கான மருந்துப்பொடி எல்லாம் ஒரு பெட்டியில் தயாராக இருந்தன. பெட்டியைத் திறந்தால் அறை முழுக்கப் பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டு வாசனை வரும். மேற்கே போகும் விமானம் எப்போதாவது எங்கள் ஊருக்கு மேலே வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டு போகும். அத்தை கொடிக்கயிற்றைப் பிடித்தபடி, கோடு கலைகிற வரைக்கும் அண்ணாந்து நிற்பாள்.

ஒருநாள் மாமாவுக்குச் சோறு போட்டபடியே கேட்டாள். "கூட்டம் கலையற வரைக்கும் புள்ள உள்ளயே இருக்குமா?"

"மொத புள்ள நாள் தள்ளித்தான் வரும். நம்ம பெரியவ தள்ளித்தான வந்தா?"

அத்தை ரசம் ஊற்றினாள்.

ஆகஸ்டில் நாங்கள் போனபோது ரேட் ஏறியிருந்தது. அடுத்த வாரம் இன்னும் ஏறியிருந்தது. அதற்கடுத்த வாரம், ஏறிய ரேட்டுக்கும் சீட்டு இல்லை என்றார் அந்த அக்கா. மாமா பூத்துக்கு வெளியே வந்து ரோட்டில் இறங்கினார். "கலைஞ்சிடும் மாப்ளே," என்றார். குரல் அவருடையதாக இல்லை.

டாக்டர்கள் சொன்ன நாளுக்கு முன்னாலேயே குழந்தை வந்துவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை, நாங்கள் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தபோது, மஸ்கட்டிலிருந்து போன் வந்ததாகவும் நாலு மணிக்கு மறுபடி வரும் என்றும் பூத்திலிருந்து ஆள் வந்து சொன்னான். நாங்கள் எல்லாரும் போனோம். சின்னவளோடு வேலை செய்யும் மலையாளத்து நர்ஸ் ஒருத்திதான் அங்கிருந்து பேசினாள். பெண் குழந்தை, சுகப்பிரசவம், இருவரும் நலம், குழந்தையின் அப்பா இன்னும் வந்து சேரவில்லை. மாமா ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டு தலையாட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம் அவர் முகம் மாறியது. அந்தச் சின்னக் கண்ணாடி அறைக்கு வெளியே நின்றிருந்த எனக்கும், கொசு பாடுவது போல, அந்த அழுகை லேசாகக் கேட்டது.

அவர் ரிசீவரை அத்தையிடம் நீட்டினார். "புடி, உன் பேத்தி அழுவறா."

அத்தை கையை நீட்டவில்லை. "வேணாம். நான் நேர்ல கேட்டுக்கறேன்," என்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ரோட்டில் இறங்கி நடந்தாள். என் மனைவி பின்னால் ஓடினாள். லைன் அறுந்த பிறகும் மாமா ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். டிக்கெட் போடும் அந்த அக்கா எழுந்துவந்து அதை மெதுவாக வாங்கி வைத்தார். அன்றைக்கு அவர் கேலி எதுவும் பேசவில்லை.

மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் நான் வழக்கம்போலப் பலகையில் போய் உட்கார்ந்தேன். மாமா வரவில்லை. முதல் கேஜுக்கு முண்டுகிற கூட்டத்தில் அவர் தலை தெரிந்தது.

"இன்னா மேஸ்திரி, மேல பிரியாணி போடறாங்களா?" என்று யாரோ கேட்டார்கள்.

"பேத்தி பொறந்துருக்கா," என்றார் மாமா.

அவ்வளவுதான், ஆளுக்கு ஆள் தோளைப் பிடித்துத் தள்ளி அவரை முன்னால் ஏற்றிவிட்டார்கள். கதவு மூடும்போது அவர் முகம் கம்பிகளுக்குப் பின்னால் நசுங்கித் தெரிந்தது. என்னைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. வெளிச்சம் மேலே போய்ப் புள்ளியானது. அன்று நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் சொட்டுவது எங்கேயோ வெகு தூரத்தில் கேட்பது போல இருந்தது.

நான் மேலே வந்தபோது அவர் நேராகப் பூத்துக்குப் போயிருந்தார். சீட்டு இல்லை. தினமும் போனார். அந்த அக்கா டீ வாங்கித் தர, வாசல் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். ஒருவழியாகக் கூட்டம் கலைந்தது; அவர் சொன்னபடியே ரேட் இறங்கியது. ஜூனில் கேட்டதைவிடக் குறைவு. இதை அவர் வீட்டில் சொல்லவே இல்லை. அந்த அக்காதான் பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னார்.

மெட்ராஸ் விமான நிலையத்துக்கு நானும் கூடப்போனேன். அத்தை பெட்டியை வேறு யாரையும் தொடவிடவில்லை. வாசலில் சீருடைக்காரர் டிக்கெட்டைப் பார்த்து உள்ளே விட்டதும், திரும்பி எங்களைத் தேடினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் ஏதோ சொன்னாள், கேட்கவில்லை. மாமா கேட்டதுபோலத் தலையாட்டினார். பஸ்ஸில் திரும்பும்போது மாமா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ஆம்பூர் தாண்டியதும், "கேஜ் மாதிரி இல்ல மாப்ளே அது," என்று மட்டும் சொன்னார்.

அத்தை மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தாள். பேத்தி சிரித்தது, கவிழ்ந்தது எல்லாம் சொன்னாள். அழுதது பற்றிப் பேசவில்லை. மாமாவும் கேட்கவில்லை. வருடங்கள் போயின. மாமா வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். இரண்டாயிரத்து ஒன்றில் சுரங்கத்தையே மூடினார்கள். எங்களில் பாதிப்பேர் விடியலில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தோம். எனக்கு ஒரு கட்டடத்தில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. அந்த வருடம்தான் சின்னவள் மறுபடி உண்டானாள். சேதி வந்த அன்றே, பாதிச் சாப்பாட்டில் எழுந்து, மாமா பூத்துக்குக் கிளம்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆனதால் நானும் பின்னால் போனேன்.

"இன்னும் எவ்ளோ மாசம் கீது மேஸ்திரி," என்றார் அந்த அக்கா. அவருக்கும் தலை நரைத்திருந்தது. "இந்தத் தடவ சீசனே இல்ல. கொஞ்சம் பொறுத்தா நல்லாவே கொறையும்."

"கொறையட்டும்மா. நீ போடு."

"நஷ்டம் உங்களுக்குத்தான்."

"போடும்மா."

வீட்டில் அத்தைக்கு விஷயம் தெரிந்ததும், வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். "ஏங்க, இந்தத் தடவ பொறுத்திருக்கலாமே," என்றாள். மாமாவும் சிரித்துவிட்டார். அவர்கள் இருவரும் சேர்ந்து அப்படிச் சிரித்து நான் ரொம்ப நாளாகப் பார்க்கவில்லை.

பிரசவத்துக்கு வெகு முன்னாலேயே அத்தை போய்ச் சேர்ந்துவிட்டாள். குழந்தை பிறந்த அன்று போன் வந்தது. அதே கண்ணாடி அறை. மாமா ரிசீவரை என் காதுக்கும் எட்டும்படிச் சாய்த்துப் பிடித்தார். முதலில் அழுகை கேட்டது. அதற்கு மேலாக அத்தையின் குரல்.

"கேக்குதாங்க?"

"கேக்குது," என்றார் மாமா.

மாமா இப்போது இல்லை. நான் இன்னமும் விடியலில் ஊரிகம் ஸ்டேஷனில் நின்று, எல்லாரும் முண்டி ஏறிய பிறகுதான் ரயிலில் ஏறுகிறேன். சில நாள் நின்றுகொண்டே போகிறேன். ரயில் நகரும்போது ஷாப்டின் இரும்புக் கோபுரம் தெரியும். அதன் சக்கரம் சுற்றுவதில்லை. உள்ளே லெவல் லெவலாகத் தண்ணீர் ஏறிவிட்டது என்கிறார்கள். கண்ணை மூடினால் எனக்கு அந்தப் பலகை தெரிகிறது. மரம்தானே, தண்ணீரில் மிதந்திருக்கும். ஆள் யாரும் இல்லாமல், முண்டுவார் இல்லாமல், அந்த இருட்டில் அது மெல்ல மெல்ல மேலே வந்துகொண்டிருக்கிறது.