முட்டுக் கொடுத்த ஆள்

இது நடந்தது. நம்பாதவர்கள் காரைக்கால் பக்கத்து நெரவிக்குப் போய்க் கொத்தனார் மரியசெல்வத்தைக் கேட்கலாம். ஆனால் சொல்ல மாட்டார். ஒரே ஒரு முறை சொன்னார், அதோடு சரி. பழைய வீட்டில் வாசலை அகலப்படுத்த வேண்டும் என்று யாராவது வேலைக்குக் கூப்பிட்டால், இப்போதும் எழுந்து உள்ளே போய்விடுகிறார். முப்பது வருஷம் கொத்துக் கரண்டி பிடித்த மனுஷன்.

போன நவம்பரில் காரைக்கால் மாதா கோயிலுக்குப் பின்தெருவிலிருந்து டெல்பின் டீச்சர் அவருக்குச் சொல்லி அனுப்பினார். டீச்சரின் கணவர் பிராங்க்ளினுக்குப் பக்கவாதம். வலது கை, கால், பேச்சு மூன்றும் போய்விட்டன. சக்கர நாற்காலியை மடக்கித்தான் பின் அறைக்குள் கொண்டுபோக முடிந்தது. அவரை உட்கார வைத்து வெளியே தள்ள, அந்த ஒடுக்கமான வாசலில் வழியில்லை.

"ஏழு மாசமா நாலு சுவத்தையே பாத்துக்கிட்டு இருக்காரு மேஸ்திரி," என்றார் டீச்சர். "தெருவுல பெய்யிற மழையவாவது பாக்கட்டும்."

கூடத்துக்கும் பின் அறைக்கும் நடுவே இருந்தது ஒன்றரை அடி கனச் சுவர். சுண்ணாம்பும் சின்னச் செங்கலும். மொட்டைமாடியின் தேக்கு உத்திரங்கள் அத்தனையும் அதன் தலையில்தான் உட்கார்ந்திருந்தன. வேலை முடியும்வரை பிராங்க்ளினை வேறு வீட்டுக்கு மாற்றச் சொன்னார் மரியசெல்வம்.

"தூக்குறதுக்கு நாலு ஆளு வேணும். ரெண்டு நாள் வேலைதானே?"

அவரும் சரி என்றுவிட்டார். அந்த ஒரு வார்த்தைக்காக இன்றும் கோயிலில் முழந்தாள் போடுகிறார்.

செவ்வாய்க்கிழமை வாசலுக்கு மேலே சுவரைத் துளைத்து, இரண்டு இரும்புச் சட்டங்களை நுழைத்தார். சட்டங்களுக்கு அடியில் அறைப்பக்கம் இரண்டு, கூடத்துப்பக்கம் இரண்டு என்று திருகி உயர்த்தும் நான்கு இரும்பு ஜாக்கிகளை முட்டுக் கொடுத்தார். கூட இருந்தது சுப்பையன். பத்து வருஷமாக அவரோடு வேலை செய்கிறவர். பழைய மரநிலையைப் பெயர்த்து எடுத்தபோது மணி பதினொன்று இருபது.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

"ம்ம்…"

மூட்டையைத் தோள் மாற்றுகிறவன் விடும் மூச்சு மாதிரி.

"நீயாடா?"

"இல்லண்ணே. நீங்கன்னு நெனச்சேன்."

உத்திரம் முனகியிருக்கும் என்று விட்டுவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் வாசல் மூன்றே முக்கால் அடி ஆனது. மேலே சுவரைத் தாங்க வைக்க வேண்டிய லிண்டல் மறுநாள் மாலை வருவதாக இருந்தது.

புதன் காலை ஏழு ஐம்பது. ஜாக்கியை இறுக்கிப் பார்க்கப் போனார் மரியசெல்வம். ஒற்றை விரலுக்கே சுற்றியது. நான்கும் அப்படித்தான். மேலே பாரம் இருந்தால் ஜாக்கி அப்படிச் சுற்றாது. அப்படியானால் அத்தனை பாரத்தையும் தாங்குவது… எது?

இறுக்கினார். பத்தே நிமிஷத்தில் மறுபடி தளர்ந்தது.

வாசலின் நடுவில், தரையில் இரண்டு ஈரத் திட்டுகள். பாதம் அளவு. விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். உப்பு. கடலோர ஊர்ச் சுவரில் உப்புக் கசிவது புதிதல்ல என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்த பிராங்க்ளின், "கை… கை…" என்று குழறினார். டீச்சர் அவருடைய செயலற்ற கையைத் தேய்த்துவிட்டார். அவர் வேண்டாமென்று தலையை ஆட்டினார். பார்வை வாசலின் மேல்பக்கத்தை விட்டு நகரவில்லை.

மதியம் 2.38. வானம் கறுத்தது. கரண்ட் போனது. டீ வாங்கிவர சுப்பையன் குடையை எடுத்தார். எடுத்ததை மரியசெல்வம் பார்த்தார். போனதைப் பார்க்கவில்லை.

2.44.

சர்ர்ர்… என்று மண் உதிர்ந்தது.

திரும்பினார். ஜாக்கிகள் இல்லை.

நான்கில் ஒன்றுகூட இல்லை.

வாசலின் நடுவே ஓர் ஆள். முதுகைக் காட்டிக்கொண்டு. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி… சுவரைத் தாங்கிக்கொண்டு.

"சுப்பையா, ஜாக்கி எங்கடா?"

மூச்சு மட்டும்.

"ம்ம்…"

"டீச்சர், நாற்காலியத் தள்ளுங்க. சீக்கிரம்."

அந்த ஆள் ஓரடி ஒதுங்கினான். நாற்காலி அவனை உரசிக்கொண்டு வந்தது. இருட்டில் டீச்சர், "பாத்து தம்பி," என்றார். நாற்காலியை இழுத்த மரியசெல்வத்தின் கை அவன் விலாவில் பட்டது.

சில்லென்று இருந்தது. சதை மாதிரி இல்லை.

ஈரச் சுண்ணாம்பு.

பிராங்க்ளின் மட்டும் அண்ணாந்து அந்த முகத்தைப் பார்த்தார். உடனே கண்களை இறுக மூடிக்கொண்டார்.

2.51. தெரு. கொட்டும் மழை.

உள்ளேயிருந்து குரல்.

"எல்லாரும் வெளிய போயாச்சா?"

"போயாச்சு. நீயும் ஓடியா."

மறுபடி மண் உதிரும் சத்தம்.

பிறகு, மெதுவாக…

"ஆச்சா…"

சுவர் விழுந்தது. பாதி மாடியும் அதோடு இறங்கியது.

மரியசெல்வம் சுப்பையன் பேரைச் சொல்லி அலறிக்கொண்டு உள்ளே பாய்ந்தார். பின்னாலிருந்து ஒரு கை அவர் தோளைப் பிடித்து இழுத்தது.

"என்னண்ணே ஆச்சு?"

சுப்பையன். குடையும் டீ பார்சலுமாக.

தீயணைப்பு ஆட்கள் ராத்திரி எட்டு மணிவரை கல்லை அள்ளினார்கள். யாரும் இல்லை. ஜாக்கிகளும் இல்லை. அவை கொல்லையில் கிணற்றடியில் கிடந்தன. திருகாணியை முழுக்க இறக்கி, நான்கையும் யாரோ வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள்.

ஜனவரியில், வீட்டைத் திரும்பக் கட்டுவதற்காக டீச்சர் பழைய பத்திரக் கட்டை அவிழ்த்தார். நடுவில் பிரெஞ்சில் எழுதிய ஒரு தாள் இருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற அவருடைய சித்தப்பா மார்ட்டின் அதைப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தார். வீட்டைக் கட்டிய மேஸ்திரி அன்றைய சொந்தக்காரருக்கு எழுதிய கடிதம் அது.

'கூடத்துக்கும் பின் அறைக்கும் நடுச்சுவர் வேலையின்போது சரிந்தது. உள்ளே ஏழு பேர். ஆறு பேர் வெளியே வந்துவிட்டார்கள். ஏழாவது ஆள் அன்றுதான் கூலிக்கு வந்தவன்; பெயர் தெரியவில்லை. மழைக்காலம் ஆகையால் தோண்டிப் பார்க்கவில்லை. அதே இடத்தில், மேலேயே சுவர் எழுப்பியாயிற்று.'

டீச்சர் கட்டட வேலையை அன்றோடு நிறுத்திவிட்டார்.

தீயணைப்பு ஆட்கள் அள்ளியது தரைமட்டம் வரைதான். அதற்குக் கீழே இன்றுவரை யாரும் தோண்டவில்லை.