கொடிக்கு முதுகு காட்டி
பூச்சு வேலைக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்றால் கம்ப்யூட்டர் கோல்ஃப்தான். வாரமெல்லாம் மணலோடு மல்லுக்கட்டுகிற மனுஷன், திரையில் பந்து மணல்பள்ளத்தில் விழுந்தால் மட்டும் மானமே போனதுபோல் ஆட்டத்தை அழித்துவிட்டு மறுபடி தொடங்குவார்.

"இன்னைக்கும் அழிச்சீங்கன்னா இனிமே உங்ககூட ஆட மாட்டேன்," என்று மனைவி சொல்லியிருந்தாள்.

கொடி நட்ட கடைசிக் குழிக்கு முன்னால் பந்து மணல்பள்ளத்தில் விழுந்து, ஆளுயரக் கரைக்கு அடியில் பாதி புதைந்து கிடந்தது. ஓங்கி அடித்தார். பந்து கரையில் முட்டி, காலடிக்கே திரும்பி வந்தது. இரண்டாம் தடவையும் அதே கதைதான். விரல் மெல்ல அழிக்கும் பொத்தான் பக்கம் போயிற்று.

"ஏங்க, சிமெண்டுக் கலவையில கரண்டிய இப்படித்தான் குத்துவீங்களா?" என்றாள் மனைவி.

அவர் கண்ணை மூடினார். ஜன்னல் வெயில் இமைக்குள் மஞ்சளாக மிதந்தது. கரண்டியைச் சாய்த்து மேலாக வழித்தெடுக்கிற பழக்கம் உள்ளங்கையில் ஊறியது. திரையில் ஆட்டக்காரனைக் கொடிக்கு முதுகு காட்டி, கரை தாழ்ந்த பக்கம் திருப்பி, பந்துக்கு இரண்டு விரல் பின்னால் மணலை வழித்தார். மணல் புகைபோல் எழும்ப, பந்து அதன்மேல் மிதந்து புல்லில் இறங்கியது.

அந்தக் குழியைப் பதினோரு தடவை அடித்துத்தான் முடித்தார்.

"நான் நாலுலயே முடிச்சேனே," என்று சிரித்தவள், நாற்காலியை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டாள். "சரி, அடுத்த ஆட்டம் வைங்க."