தண்டைப் பார்க்கத் தெரியாதவன்

போன வியாழக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கூட்டம். 'பலவகைப் பயிர் காப்போம்' என்று முக்கால் மணி நேரம் முழங்கினேன். பொன்னாடை போர்த்தினார்கள். கடைசியில் பலத்த கைதட்டல்... ஒருவழியாக முடித்தேனே என்ற சந்தோஷமாகவும் இருக்கலாம்.

மறுநாள் காலை பொன்னாடையைப் பையில் வைத்துக்கொண்டு (மதினியிடம் காட்டத்தான்!) வ. புதுப்பட்டிக்கு பஸ் ஏறினேன்.

அங்கே எங்கள் நிலம். அண்ணன் வேலைக்காகத் திருப்பூரில். நான் இராஜபாளையத்தில். என் பங்கு முழுக்கத் தென்னை. ஏன்? தென்னைக்குத் தினம் ஆள் வேண்டாம். எப்போதாவது போனில் விசாரித்தால் போதும். கூட்டத்தில் இதை மட்டும் சொல்ல மறந்துவிட்டேன். ஊரைவிட்டுப் போன எல்லோருக்கும் இதே யோசனை போல... சுற்றிலும் தென்னைதான்.

நடுவே ஐந்து சென்ட்டில் மதினி மட்டும் குதிரைவாலி போட்டிருக்கிறார். வீட்டிலேயே எடுத்து வைத்த விதை. அக்கம்பக்கத்தில் இப்போது வேறு யாரிடமும் இல்லை. இந்தத் தடவை தவறினால் அவ்வளவுதான்.

"களை எடுக்க ஆளில்ல கொழுந்தனாரே. வந்துகிட்டிருந்த பொம்பளைய அம்புட்டுப் பேரும் விடிஞ்சா பேண்டேஜ் கம்பெனி வேன்ல ஏறிருதாவ."

வேனைக் குறை சொல்ல முடியுமா? மாதச் சம்பளம், தலைக்கு மேலே ஃபேன். நானாக இருந்தால் ஜன்னல் சீட்டுக்கு முண்டியடித்திருப்பேன்.

"நான் எதுக்கு இருக்கேன் மதினி?" — வேட்டியை மடித்துக் கட்டினேன்.

இரண்டு மணி நேரம் கழித்து மதினி காபியோடு வந்தார். வரப்பில் நான் பெருமையாகக் குவித்திருந்ததைப் பார்த்தார்.

"என்ன கொழுந்தனாரே... பயிரப் பூராம் புடுங்கிட்டு, களைய வச்சிருக்கீய?"

இளசில் குதிரைவாலியும் அந்தக் களையும் ஒரே ஜாடை. அடித்தண்டு சிவந்திருந்தால் களை. அதைக் கண்டுபிடிக்கும் கண்கள்தான் வேனில் போய்விட்டனவே! சிவப்புதான் உசத்தி என்று பெண் பார்த்த காலத்துப் புத்தி, வயலிலும் வேலை செய்துவிட்டது.

வேனில் போகிறவர்களில் ஒருவர் பேச்சியம்மா. மதினி கெஞ்சிக் கூப்பிட்டதால் ஞாயிற்றுக்கிழமை லீவில் வந்தார். அசட்டுச் சிரிப்போடு நானும் போயிருந்தேன்.

"என்னக்கா, ஆடு புகுந்துருச்சா?"

"இல்லட்டி. பேச்சாளர் புகுந்துட்டாரு."

"ஆடுன்னா களையையும் சேத்துல்லா தின்னுருக்கும்!"

நல்லவேளை, என் இடுப்பு வலியால் கிழக்கு ஓரம் தப்பித்திருந்தது. பேச்சியம்மா அதை மதியத்துக்குள் சுத்தம் செய்தார். "சோத்துக்குத் தேறாது. விதைக்குத் தேறும்," என்றார். மதினிக்கு மூச்சு வந்தது. எனக்கும்.

"கதிரு வந்தா குருவி விரட்ட ஆளு?" என்றார் பேச்சியம்மா.

மதினி என்னைப் பார்த்தார். "அந்தப் பொன்னாடையத் தந்திருங்க. கம்புல கட்டி நிறுத்திருவோம்."

"நானே வந்து நிக்கேனே மதினி?"

"வேண்டாம் கொழுந்தனாரே. பேசாம நிக்கதுக்குத்தான் ஆளு வேணும்."