ஆமைகளுக்கும் சேர்த்து ஒரு விரதம்

மாமா திருச்சியிலிருந்து இரண்டு ஆமைக் குஞ்சுகளைக் கொண்டுவந்தது ஆவணி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. மாதத்தையும் கிழமையையும் நான் உறுதியாகவே சொல்கிறேன். அவருடைய பழைய போனில் படங்கள் இருக்கின்றன. நான் அப்போது ஆறாம் வகுப்பு. எங்கள் ஊரான அரிமளம் வரைக்கும் பஸ்ஸில் டப்பாவை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்ததில் அவருடைய வேட்டியெல்லாம் ஈரம். கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு ஓடும் அந்த ஆமைகள் நம் குளத்து இனம் அல்ல, அமெரிக்காவின் நன்னீர் ஆமைகள் என்பதைப் பின்னாளில்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். எங்களுக்கு அவை பெரியது, சின்னது. வேறு பெயர் வைக்கவில்லை.

ஆமை வீட்டுக்குள் வருவது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. நிலைப்படியைத் தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டு, கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பழைய அலுமினிய அன்னக்கூடையில் தண்ணீர் நிரப்பி, ஏறி வெயில் காய ஒரு செங்கலையும் அவளே போட்டுக் கொடுத்தாள்.

கடையில் கொடுத்த தீவனம் தீர்ந்ததும் சென்னாக்கூனி போட்டோம். கோட்டைப்பட்டினத்திலிருந்து வரும் கருவாட்டுக்காரரிடம் வாங்கிய பொடி இறால். ஒரு பிடி தூவினால் பெரியது சின்னதன் முதுகில் ஏறி நின்று தின்னும். சின்னது அடியில் நசுங்கியபடியே தன் பங்கை எப்படியோ பிடித்துவிடும்.

புரட்டாசி பிறந்ததும் வீட்டில் கவிச்சி நின்றது. எல்லா வருடமும் நடப்பதுதான். அந்த வருடம் அம்மா கூடுதலாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டாள். துபாயில் இருந்த அப்பா ஊருக்கு வந்து மூன்று வருடமாகியிருந்தது. தீபாவளிக்கு லீவு கேட்டிருந்தார். அவர் வந்து இறங்கும்வரை இந்த வீட்டில் மீனும் கறியும் இல்லை என்று பெருமாளுக்கு வேண்டிக்கொண்டாள். வேண்டிக்கொண்ட கையோடு கூனிப் பொட்டலத்தைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டாள்.

"ஏக்கா, ஆமைக்குமா விரதம்?" என்றார் மாமா.

"இந்த வீட்டுத் தண்ணியிலதான கெடக்குதுக? அதுகளுக்கும் சேத்துத்தான்."

"அதுக வேண்டிக்கிடலயேக்கா."

"ஒன் மச்சான் வரணுமா வேணாமா?"



அரைக்கீரையும் வெள்ளரிக்காயும் போட்டோம். பெரியது முதலில் முறைத்துக்கொண்டிருந்துவிட்டுப் பிறகு தின்னத் தொடங்கியது. சின்னது தொடவே இல்லை. கீரைக்கு நடுவே எதையோ தேடிய பெரியது, ஒரு நாள் சின்னதன் பின்காலைக் கவ்வி இழுத்தது. அதிலிருந்து தீனி போடும் நேரத்தில் மட்டும் சின்னதைத் தனியே ஒரு வாளியில் விட்டேன். தனியே விட்டாலும் அது கீரையைத் தொடவில்லை.

ஐப்பசி பிறந்து, தெருவில் மற்ற வீடுகளிலெல்லாம் குழம்பு மணத்தது. எங்கள் வீட்டில் விரதம் தொடர்ந்தது. சின்னதன் இமைகள் வீங்கிக் கண் மூடிக்கொண்டது. மாமா கடைக்காரரிடம் போனில் கேட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"ஏ ஆத்தா, குஞ்சுக்குக் கவுச்சி இல்லாம ஆகாதாம். இப்புடியே விட்டா செத்துப்போகுமாம்."

நான் அழுதுகொண்டே அம்மாவைக் கொல்லைக்கு இழுத்துவந்தேன். அம்மா குனிந்து நெடுநேரம் பார்த்தாள். கீரையை விரலால் நசுக்கி அதன் வாயருகே வைத்தாள். அது தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

"இன்னுங் கொஞ்ச நாளுதான். அவுக வந்துருவாக" என்று ஆமையிடம் சொன்னாள்.

தீபாவளிக்கு முந்திய ஞாயிறு காலை அப்பா வீடியோ காலில் வந்தார். நான் போனை வாளிக்கு மேலே பிடித்துச் சின்னதைக் காட்டினேன்.

"நீங்க சொன்னா அம்மா கேக்கும்ப்பா. கூனி போடச் சொல்லுங்கப்பா."

அப்பா, "போன அம்மாட்டக் குடு" என்றார்.

அம்மா போனோடு உள்ளே போனாள். "சரிங்க... சரிங்க" என்பது மட்டும் கேட்டது. வெளியே வந்தவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வண்டியை எடுத்தாள். திரும்பி வரும்போது கையில் கூனிப் பொட்டலமும் ஒரு பையில் சங்கரா மீனும் இருந்தன. கூனியை அவளே ஊறவைத்து, ஒவ்வொன்றாகச் சின்னதன் வாயருகே பிடித்தாள். கண் திறக்காமலே அது கவ்வியது. நான் கைதட்டினேன்.

"விரதம்?" என்றேன்.

"முடிஞ்சிருச்சு. கையக் கழுவிட்டு வா, சாப்புடலாம்."

சின்னது கார்த்திகைக்குள் கண் திறந்தது. அப்பா அடுத்த ஆனியில்தான் வந்தார். லீவு இல்லை என்று கம்பெனியில் சொல்லிவிட்டதை அவர் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், அப்பா ஒரு வார்த்தை சொன்னதும் அம்மா ஆமைக்கு இரங்கிவிட்டாள் என்பதுதான். அம்மா சாப்பிட உட்காரவில்லை. எனக்குப் பரிமாறிக்கொண்டே நின்றாள். தீபாவளிக்கு வரும்போது அப்பாவுக்குச் சின்னதை நன்றாகக் காட்ட வேண்டும் என்று அவளிடம் சொல்லிக்கொண்டே மீன்குழம்பை இரண்டாம் தடவையும் ஊற்றச் சொன்னேன்.