ஹாஜியார் மகன்

தம்பியும் நானும் ஒரே வாப்பாவின் பிள்ளைகள் இல்லையாம். வாப்பாவின் சிராங்கூன் ரோட்டு வீட்டை எங்கள் பெயருக்கு மாற்றப் போனால், பதிவு ஆபீஸ் கிளார்க் எங்கள் பிறப்புப் பத்திரங்களை மூன்றாவது தடவையாகத் திருப்பித் தள்ளினார். மேசையில் திறந்து கிடந்த முத்திரை மையின் வாடை மூக்கில் ஏறியது. நான் மறுபடி ஏழு வயதுச் சிறுமியாகிவிட்டேன்.

தம்பி பிறந்த வருஷம். அன்றும் இதே வாடைதான். வாப்பா கப்பலேறி நாகப்பட்டினம் போயிருந்தார். தம்பியின் பிறப்பைப் பதிய உம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனாள்.

"புருஷன் பேரு என்னம்மா?" என்றார் அங்கிருந்த தமிழ்க் கிளார்க்.

உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஹாஜியாரு."

"மக்காவுக்குப் போயிட்டு வந்த எல்லாருமே ஹாஜியாருதான். பேரைச் சொல்லுங்க."

"கடைத்தெருவுல கேளுங்க, எல்லாருக்கும் தெரியும்."

காதர் மீரா மரைக்காயர் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். உம்மா கிள்ளிய கிள்ளு இன்னும் வலிக்கிறது. அந்த மனிதரும் சலித்துப்போய் ஹாஜியார் என்றே எழுதினார். என் பத்திரத்திலோ, மக்காவுக்குப் போகுமுன் வாப்பாவே சொல்லி எழுதவைத்த முழுப்பெயர்.

புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுள் குறையுமாம்! சொல்லாமல் இருந்து என்ன கண்டாள்? வாப்பாவும் போய்விட்டார், வீடும் போகப் பார்க்கிறது.

"சரி, புதுசா ஒரு மனு எழுதுவோம்," என்றார் கிளார்க். "உங்க கணவர் பேரு?"

தம்பி என்னையே பார்த்தான். என் கை தானாக முந்தானையைத் தேடிப் போனது.

"வாத்தியாரு," என்றேன்.